அன்பளிப்பாக வந்த பால் பொடியும் கிராமத்துப் பெண்களின் வருமானமும்

ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு உணவுப் பொருள்களை அன்பளிப்பாக வழங்குவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வாறு வரும் பொருள், அதே பொருளை உற்பத்தி செய்து பிழைக்கும் ஏழைக் குடும்பத்தின் வருமானத்தைக் கெடுக்கவும் கூடும். வெளிநாட்டு உதவி எப்பொழுது ஏழைக்குத் துணையாகிறது, எப்பொழுது அவனுக்குப் போட்டியாகிறது என்பதை அறிவதற்கு, இந்தியாவில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கி 1996-ஆம் ஆண்டில் நிறைவெய்திய பால் பெருக்குத் திட்டம் தக்கதொரு சான்றாகும். 'ஆப்பரேஷன் ஃபிளட்' என்ற பெயரால் வழங்கிய அத்திட்டத்தின் முதற் கட்டத்துக்கு மூலதனமாக வந்தவை பால் பொடியும் வெண்ணெய்க் கொழுப்புமே. அவை எவ்வாறு கிராமத்தில் வருமானமாக மாறின, அவ்வருமானம் மாட்டைப் பேணும் பெண்ணின் கைக்கு எவ்வளவு தூரம் சென்றது என்பவற்றைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது பயன் தரும்.

பாலின் இயல்பும் ஏழையின் இடரும்

நெல்லையும் பருப்பையும் விலை ஏறும் வரையில் குதிரில் வைத்துக் காக்கலாம். பாலை அவ்வாறு காக்க இயலாது. கறந்த பாலில் நுண்ணுயிர்கள் எப்படியும் சில புகுந்துவிடுகின்றன. வெப்ப நாட்டில் அவை பெருகும் வேகம் மிகுதி. ஒரு நுண்ணுயிர் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியுமானால், 4 மணி நேரத்தில் 12 முறை இரட்டித்து 4,096 ஆகிவிடும். ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், காலையில் கறந்த பால் காய்ச்சாமல் வைத்தால் பிற்பகலில் ஏன் திரிகிறது என்பதை மாணவர்கள் எளிதில் உணர்வர். பாலை 4 டிகிரி செண்டிகிரேடுக்குக் குளிரச் செய்தால் இப்பெருக்கம் பெரிதும் தணிகிறது. ஆனால் குளிரூட்டும் சாதனம் தனியொரு குடியானவரின் சக்திக்கு அப்பாற்பட்டது.

ஆகவே பால் விற்பவர் காத்திருக்க முடியாதவர். வாங்குபவரோ காத்திருக்கக் கூடியவர். பேரத்தில் காத்திருக்க முடியாதவரே விட்டுக்கொடுக்க நேர்கிறது. இதனுடன் மற்றொரு குறையும் சேர்ந்துகொண்டது. பாலின் தரம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எருமைப் பாலில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு கொழுப்பும், பசும்பாலில் 4 பங்கை ஒட்டிய கொழுப்பும் இருப்பது பொது வழக்கம். எனினும், தீவனம், கறவையின் வயது, ஈன்ற பின் கழிந்த காலம் ஆகியவற்றுக்கு ஏற்ப மாட்டுக்கு மாடு, நாளுக்கு நாள் இது வேறுபடும். தரத்தை அளந்து பார்க்கும் வழியில்லாத இடத்தில், இடைத்தரகர் சொன்னதே தரம். அவர் கொடுத்ததே விலை.

கெய்ராவின் அனுபவம்

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்துக் குடியானவர்கள் முக்கியமானவர்கள். திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அவர்கள் அமைத்த மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பதிவு செய்யப்பெற்றது. ஆனந்த் நகரை நிலையமாகக் கொண்ட இச்சங்கம் பம்பாய் நகருக்குப் பால் அனுப்பிற்று. குளிர்காலத்தில் பால் பெருகும்பொழுது நகரம் அதனை முழுவதும் ஏற்கவில்லை. கோடையில் நகரம் கேட்கும்பொழுது பால் போதவில்லை. மிகுந்த பாலைப் பொடியாக்கி வைப்பதொன்றே இதற்குப் பரிகாரமாயிற்று.

பாலைக் குறைந்த அழுத்தத்தில் சுண்டச் செய்து, நுண்துளிகளாகச் சூடான காற்றினுள் தெளித்தால், நீர் ஆவியாகிப் பொடி கீழே படியும். இது தெளிப்பு முறை எனப்படும். பசும்பாலுக்கு மேனாடுகளில் வழங்கிவந்த இம்முறை, கொழுப்பும் கேசீன் என்னும் புரதமும் மிகுந்த எருமைப் பாலுக்குப் பொருந்தாது என்பது அக்காலத்து வல்லுநர் பலரின் கருத்து. ஆனந்தில் பணியாற்றிய எச். எம். தலாயா அது இயலும் என்று காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அரசும் அளித்த உதவியுடன் அமைந்த ஆலை 1955-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பெற்றது. குழந்தைகள் நிதி இயந்திரங்களை அளித்ததற்கு ஈடாக, அவற்றின் மதிப்பிலும் மிகுந்த மதிப்புள்ள பாலை அம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சங்கம் வழங்க வேண்டுமென்பது ஒப்பந்தம்.

இவ்வுதவியின் தன்மை கவனிக்கத்தக்கது. இங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது பால் அன்று. பாலைக் காக்கும் சாதனம். அது கிராமத்துப் பாலின் விலையைத் தாழ்த்தவில்லை. விற்பவர் காத்திருக்கும் ஆற்றலைப் பெற அதுவே வழி செய்தது.

அன்பளிப்பில் அடங்கிய ஆபத்து

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கெய்ரா மாவட்டத்துக்கு வந்து, கிராமத்தில் ஓரிரவு தங்கிச் சங்கத்தின் பணியை நேரில் கண்டார். அதன் பயனாக, ஆனந்த் முறையை நாடெங்கும் பரப்பும் பொருட்டு 1965-இல் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் தோன்றிற்று. வர்கீஸ் குரியன் அதன் தலைவரானார். எண்ணம் தெளிவாக இருந்தது, நிதிதான் இல்லை.

இந்நிலையில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்து நாடுகளில் பால் பொடியும் வெண்ணெயும் தேவைக்கு மேல் குவிந்தன. அந்நாடுகள் தம் விவசாயிகளுக்கு உறுதியளித்த விலையே இக்குவியலுக்குக் காரணம். இப்பொருள் எவ்வாறேனும் ஏழை நாடுகளுக்கு வந்து சேரும் என்பதை வாரியத்தார் உணர்ந்தனர். அது மலிவாகவோ இலவசமாகவோ நகரங்களில் பரவினால், நகரப் பாற்பண்ணைகள் கிராமத்துப் பாலை நாடா. கறவையை வைத்துப் பிழைக்கும் குடும்பம் விலையின்றித் தவிக்கும். ஏழைக்கு உதவ வந்த பொருள் ஏழையின் சந்தையையே கவர்ந்துகொள்ளும்.

ஆகவே வாரியம் ஒரு திட்டத்தை வகுத்தது. 1961-இல் நிறுவப்பெற்ற உலக உணவுத் திட்டம் என்னும் சர்வதேச நிறுவனத்தின் வாயிலாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பொடியையும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பையும் இந்தியா அன்பளிப்பாகப் பெறுவது. ஆனால் அவற்றை இலவசமாகப் பங்கிடாதிருப்பது. 1970-இல் இதற்கென நிறுவப்பெற்ற இந்தியப் பாற்பண்ணைக் கழகம் அவற்றை நகரப் பாற்பண்ணைகளுக்கு, உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காத விலையில் விற்றது. கிடைத்த தொகை, கிராமங்களில் பால் சேகரிக்கவும், குளிரூட்டவும், தீவனம் தயாரிக்கவும், கால்நடை வைத்தியத்துக்கும் வேண்டிய சாதனங்களை அமைக்கச் செலவிடப்பட்டது. கூட்டுறவு ஒன்றியங்களுக்கு அத்தொகையில் நூற்றுக்கு 70 பங்கு கடனாகவும், 30 பங்கு மானியமாகவும் அளிக்கப்பெற்றது. ஐந்தாண்டுகளில் முடிக்கக் கருதிய முதற் கட்டம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. அதற்கான செலவு சுமார் 116 கோடி ரூபாய்.

பொடி பாலாகிய கணக்கு

அன்பளிப்பின் அளவுகள் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டிருக்கும் என்பதை எளிய கணக்கொன்றினால் விளக்கலாம். சமன்படுத்திய பாலில் நூற்றுக்கு 3 பங்கு கொழுப்பும், 8.5 பங்கு கொழுப்பல்லாத திடப்பொருளும் இருத்தல் வேண்டும். பொடியில் சிறிது ஈரம் உண்டு. ஆதலால் 100 கிலோ பால் செய்ய ஏறத்தாழ 9 கிலோ பொடியும், 3 கிலோ கொழுப்பும், 88 கிலோ நீரும் தேவை. பொடிக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஒன்று. 1,26,000 டன்னுக்கும் 42,000 டன்னுக்கும் உள்ள விகிதமும் அதுவே. இவ்விரண்டையும் முழுவதும் கலந்தால் கிடைப்பது 14 இலட்சம் டன் பால்.

1970-71-இல் இந்தியாவின் ஓராண்டுப் பால் உற்பத்தி சுமார் 220 இலட்சம் டன். பத்தாண்டுகளில் பரவி வந்த அன்பளிப்பு முழுவதும், அவ்வோராண்டு உற்பத்தியில் நூற்றுக்கு 7 பங்குக்கும் குறைவே. எனவே நாட்டின் பசியைத் தீர்த்தது அப்பொடி என்று கூறுவது பொருந்தாது. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் மட்டும், கிராமத்துப் பால் வந்து சேரும் வரையில் சந்தையைப் பிடித்து வைத்திருப்பதே அதற்கு இடப்பட்ட பணி. நகரங்களுக்குப் பால் அனுப்புவதற்கென முதற் கட்டத்தில் 18 பால் வளப் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பெற்றன. கிராமத்துப் பால் பெருகப் பெருகப் பொடியின் பங்கு குறைய வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டாம் கட்டத்தில் ஐரோப்பிய அன்பளிப்புடன் உலக வங்கியின் கடனும் சேர்ந்தது. அக்கட்டம் முடிவெய்திய 1985-இல் 136 பால் வளப் பகுதிகளில் சுமார் 43,000 கிராமச் சங்கங்கள் இயங்கின. 1996-இல் அவை 72,000-க்கும் மேற்பட்டன. 1998-இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் பெற்றது. 2023-24-இல் நாட்டின் உற்பத்தி சுமார் 2,390 இலட்சம் டன். பாசன விரிவு, கலப்பினப் பெருக்கம், நகரங்களின் தேவை ஆகியவற்றுக்கும் இவ்வளர்ச்சியில் பங்குண்டு. அன்பளிப்பு ஒன்றே இதற்குக் காரணமென்று கருதலாகாது.

அளவுகோலின் நீதி

கிராமச் சங்கத்தில் பாலின் தரத்தை அறிய வழங்கிவந்தது கெர்பர் சோதனை. அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் 10 மில்லி லிட்டர் கந்தகாமிலமும், 10.75 மில்லி லிட்டர் பாலும், 1 மில்லி லிட்டர் அமைல் ஆல்கஹாலும் இட்டு, மூடிக் குலுக்கிச் சுழற்பொறியில் வைத்துச் சுற்றுவர். அமிலம் புரதத்தைக் கரைக்கிறது. எடை குறைந்த கொழுப்பு தனியே பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கிறது. அங்குள்ள கோடுகள் கொழுப்பின் அளவைக் காட்டும். இந்நாளில் பல சங்கங்களில் மின்னணுக் கருவிகள் இப்பணியைச் செய்கின்றன.

இரு பெண்கள் ஆளுக்கு 3 கிலோ எருமைப் பால் கொண்டு வருவதாகக் கொள்வோம். ஒருவர் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7 பங்கு. மற்றவர் பாலில் 6 பங்கு. முன்னவர் கொணர்ந்த கொழுப்பு 210 கிராம். பின்னவர் கொணர்ந்தது 180 கிராம். வெறும் படியால் அளந்தால் இருவருக்கும் ஒரே தொகை. சோதித்து அளந்தால், நல்ல தீவனமிட்டு நீர் கலவாமல் கொணர்ந்தவருக்கு அதற்குரிய மிகுதி கிடைக்கிறது. குழாயின் கோடு சாதியையும் நிலத்தின் பரப்பையும் பார்ப்பதில்லை. எருமை ஒன்றே உடைமையாகக் கொண்ட கூலிக்காரியும், பத்து ஏக்கர் உடையவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே சோதனைக்கு உட்பட்டு விலை பெற்றது, பல ஊர்களில் அதுவரை காணாத புதுமையாகும்.

கறப்பவர் ஒருவர், உறுப்பினர் மற்றொருவர்

இனித் திட்டத்தின் பெருங் குறையைக் கூற வேண்டும். புல் அறுப்பது, தீவனமிடுவது, தொழுவத்தைக் கூட்டுவது, கன்றைப் பேணுவது, பெரும்பாலான இடங்களில் பால் கறப்பது ஆகிய வேலைகளைச் செய்பவர் பெண்கள். ஆயினும் சங்கத்தின் பேரேட்டில் உறுப்பினர் என்று பதிவானது பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணின் பெயரே. பால் கொண்டு போவது பெண்; பணம் பெறுவதும், கூட்டத்தில் வாக்களிப்பதும், பயிற்சிக்குச் செல்வதும் ஆண். இதனால் அறிவியல் செய்தியும் தவறான இடத்துக்குச் சென்றது. சினைக்கு வந்த மாட்டின் குறிகளை முதலில் காண்பவர் தொழுவத்தில் இருக்கும் பெண். அக்குறிகளைப் பற்றிய பாடம் கேட்டவரோ அவர் கணவர்.

இதனைத் திருத்தும் முயற்சிகள் பின்னரே மேற்கொள்ளப்பட்டன. மத்திய அரசு 1986-87-இல் தொடங்கிய பெண்களுக்கான பயிற்சி, வேலைவாய்ப்பு ஆதரவுத் திட்டத்தில் பால்வளம் முக்கிய இடம் பெற்றது; பெண்களே உறுப்பினராகவும் நிர்வாகிகளாகவும் உள்ள சங்கங்கள் பல மாநிலங்களில் அமைந்தன. 2014-இல் திருப்பதியை நிலையமாகக் கொண்டு தோன்றிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர் யாவரும் பெண்களே. 2012 முதல் 2019 வரை உலக வங்கியைச் சார்ந்த நிறுவனத்தின் கடனுதவியுடன் நடைபெற்ற தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற் கட்டத்திலும் பெண்களின் உறுப்பினர் தொகையைப் பெருக்குவது கருதப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னரும், 2020-21-ஐ ஒட்டிப் பாற் கூட்டுறவுச் சங்கங்களின் சுமார் 1 கோடியே 70 இலட்சம் உறுப்பினர்களுள் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தனர். வேலையில் அவர்கள் ஏற்கும் பங்கோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு.

வறியவருக்கு எட்டியதும் எட்டாததும்

1980-களில் இத்திட்டம் கடுமையான விமரிசனத்துக்கு உள்ளாயிற்று. அன்பளிப்பை நம்பி நகரங்களுக்குப் பால் ஊட்டுகிறது என்றும், மாடு வாங்க வகையற்றவருக்கு இதனால் பயனில்லை என்றும், கிராமத்துப் பிள்ளைகளின் பால் நகரத்துக்குப் போய்விடுகிறது என்றும் குறை கூறினர். இவற்றை அடியோடு மறுப்பதற்கில்லை. சங்கம் பாலுக்கு விலை தரும், மாட்டைத் தராது.

நிலமற்ற குடும்பத்துக்குக் கடனால் கறவை கிடைத்தாலும், வேறொரு சிக்கல் உண்டு. நன்கு பேணப்பட்ட எருமைகூட ஒருமுறை ஈன்று மறுமுறை ஈன 15 மாதங்களை ஒட்டி ஆகிறது. அதில் 10 மாதம் பால் தருமானால், எஞ்சிய 5 மாதம் வறட்டு மாடாக நிற்கும். தீவனம் போதாவிடில் இவ்விடைவெளி 18 மாதங்களையும் கடக்கும். ஒரே மாட்டை நம்பிய குடும்பத்துக்கு அம்மாதங்களில் வருமானம் இல்லை; கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். தவணை கட்டவியலாமல் மாட்டையே விற்றுவிடும் நிலை இவ்வாறுதான் நேர்கிறது. முதல் மாடு வாங்கி ஆறு மாதம் கழித்து இரண்டாம் மாட்டுக்குக் கடன் அளித்தால், ஒன்று வற்றும்பொழுது மற்றொன்று கறக்கும்.

களப்பணியாளர் கருத வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து, எந்த உதவித் திட்டத்தையும் நடத்துவோர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில உள.

1. உதவியாக வரும் பொருள், ஊரில் ஏழைகள் விற்கும் பொருளாயின், அது அவர்கள் பெறும் விலையைத் தாழ்த்துமா என்று முதலில் ஆராய வேண்டும். தாழ்த்துமாயின், வழங்கும் முறையை மாற்றுதல் வேண்டும்.

2. உறுப்பினர் பதிவு, வேலை செய்பவரின் பெயரில் அமைய வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் இந்நாளில், கணக்குப் புத்தகம் யார் பெயரில் உள்ளது, அது யாரிடம் இருக்கிறது என்னும் இரண்டையும் விசாரித்தறிதல் நலம்.

3. பெண்களுக்கான பயிற்சியைக் காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடைப்பட்ட நேரத்தில், அவர்கள் ஊரிலேயே வைக்க வேண்டும். நகரத்தில் மூன்று நாள் முகாம் என்றால் வருபவர் ஆண்களே.

4. சோதனையின் முடிவைப் பால் ஊற்றியவர் காணும்படி அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்தறியாதவருக்கு எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒளிவில் செய்யும் சோதனை பழைய தரகு முறையையே மீண்டும் கொண்டுவரும்.

5. கடன் தவணையை மாடு கறக்கும் மாதங்களோடு பொருத்த வேண்டும். மாடு வற்றும் மாதங்களுக்குத் தவணைச் சலுகை வேண்டும்.

6. வீட்டுப் பிள்ளைகளுக்கென ஓரளவு பாலை நிறுத்திக்கொள்ளுமாறு தாய்மார்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இதில் பெரிதும் துணை புரியலாம்.

வெளிநாட்டிலிருந்து பொடி வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனை விற்ற பணத்தால் எழுந்த குளிர்பதன நிலையங்களும் தீவன ஆலைகளும் சங்கங்களும், குறை நிறைகளோடு, தொடர்ந்து பணியாற்றி வருகின்றன. பேரேட்டில் அப்பெண்ணின் பெயரைச் சேர்ப்பதற்கு எந்நாட்டின் அன்பளிப்பும் தேவையில்லை. உள்ளூர்ச் சங்கத்தின் ஒரு தீர்மானமும், அதை வற்புறுத்தும் களப்பணியாளர் ஒருவரும் போதும்.